இடப்பக்கம் ஒரு ஆள்

ஐந்து வருடத்தில் என் தங்கை கையிலிருந்து ஒரு செங்கல்கூடக் கீழே விழுந்தது கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். கீழே நின்று கல்லை வீசுகிறவள் நான். என் வீச்சு எவ்வளவு கோணல் என்று எனக்கே தெரியும். அத்தனையையும் பிடித்தவள் அவள்.

எங்கள் வேலை இதுதான். லாரி கல்லைத் தெருவோரம் கொட்டிவிட்டுப் போய்விடும். அதை முதல் மாடிக்கு ஏற்ற வேண்டும். நான் இரண்டிரண்டு கல்லாகச் சேர்த்து மேலே வீசுவேன். தளத்தின் விளிம்பில், சாரத்துக் கம்பத்தில் ஒரு காலை முட்டுக் கொடுத்துக்கொண்டு அவள் நிற்பாள். பழைய டியூபை வெட்டி உள்ளங்கையில் மாட்டியிருப்பாள். கல் வரும்போது கை எதிர்த்து நிற்கக் கூடாது, கூடவே பின்னால் போய் வாங்க வேண்டும். வாங்கிய வேகத்திலேயே உடம்பைத் திருப்பி இடப்பக்கம் வீசிவிட வேண்டும். அங்கே பத்தடி தள்ளி ஆணி அண்ணன் நிற்பார். நின்ற இடத்தை விட்டு அசையமாட்டார் என்பதால் அந்தப் பெயர். அவர் வாங்கி அடுக்குவார்.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. என் தங்கை ஆணி அண்ணனைத் திரும்பிப் பார்க்கவே முடியாது. பார்த்தால் கீழேயிருந்து வருகிற அடுத்த ஜோடி மூஞ்சியைப் பதம் பார்த்துவிடும். அதனால் ஒவ்வொரு கல்லுக்கும் அவர் "இருக்கேன்!" என்று குரல் கொடுப்பார். குரல் கேட்டால் இவள் வீசுவாள். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவையாவது அந்தத் தெருவில் "இருக்கேன்!" கேட்கும். எதிர்வீட்டுக் குழந்தை முதலில் பேசிய வார்த்தையே அதுதான் என்று அந்த வீட்டு அம்மா என்னிடம் சண்டைக்கு வந்தார்.

சாரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்பதால் என் தங்கைக்கு வேலையிடத்தில் 'பல்லி' என்று பெயர். பந்தாட்டத்திலும் அதே பெயர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் டிப்போவுக்குப் பின்னால் உள்ள கட்டாந்தரையில் எங்கள் வேலையிடத்துப் பெண்கள் கால்பந்து ஆடுவார்கள். கலவை போடுகிறவர்கள், கம்பி கட்டுகிறவர்கள், தண்ணீர் ஊற்றுகிறவர்கள். பல்லி கோல்கீப்பர். நான் ஆடுவதில்லை. வெளியே நின்று கத்துவேன். அதற்கும் ஒரு ஆள் வேண்டுமல்லவா?

அப்படியிருக்கும்போதுதான் அந்த அறிவிப்பு வந்தது. சம்பளம் கொடுத்து ஆடவைக்கிற பெரிய கிளப் ஒன்று, பெண்கள் அணிக்கு ஆள் எடுக்கிறது. யார் வேண்டுமானாலும் வரலாம். மூன்று ஆட்டக்காரிகள், ஒரே ஒரு கோல்கீப்பர். வயது இருபத்துமூன்றைத் தாண்டக் கூடாது. பல்லிக்கு அடுத்த மாதம் இருபத்துநான்கு.

"அக்கா, இது போச்சுன்னா அவ்வளவுதான். அப்புறம் தோள்பட்டை போற வரைக்கும் கல்லுதான்" என்றாள்.

"போகாது. வாயை மூடிட்டு பூட்ஸைத் துடை" என்றேன். ஆனால் அவள் சொன்னது உண்மை. கல் பிடிக்கிறவர்களின் தோள் முப்பது வயதுக்கு மேல் தாங்காது. ஆணி அண்ணனே ஒரு காலத்தில் பிடித்தவர்தான். இப்போது வலது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல், சட்டையை மாட்டவே அண்ணியைக் கூப்பிடுகிறார்.

மேஸ்திரியிடம் சனிக்கிழமை லீவு கேட்டோம். ஒருவருக்கு என்றால் முறைப்பார், இருவருக்கு என்றதும் துள்ளினார். கடைசியில், "போய்த் தொலைங்க. திங்கக்கிழமை ரெண்டு லாரி கல்லு வருது, ஞாபகம் இருக்கட்டும்" என்றார். அம்மா வாசல்வரை வந்து வழியனுப்பினாள். "ஜெயிச்சா நேரா வீட்டுக்கு வாங்க. தோத்தா ரெண்டு பேரும் வெளியிலேயே சாப்பிட்டுட்டு மூஞ்சியைச் சரி பண்ணிட்டு வாங்க" என்றாள். என் அம்மா அப்படித்தான்.

மைதானத்தைப் பார்த்ததும் பல்லி வாயைப் பிளந்தாள். தரை முழுக்கப் புல். "இதுல விழுந்தா வலிக்கவே வலிக்காதே!" என்று குதித்தாள். வந்திருந்த கோல்கீப்பர்கள் பதினோரு பேர். அதில் ஒருத்தி ஒட்டடைக் குச்சி உயரம். சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். அதற்குள் மூன்று ஜோடிக் கையுறை. எங்கள் பல்லியிடம் இருந்தது ஒரே ஜோடி, அதுவும் இரவல். பெட்டிக்காரி என்று அவளுக்கு அங்கேயே பெயர் வைத்துவிட்டேன்.

பயிற்சியாளர் ஒரு நடுத்தர வயதுப் பெண். கழுத்தில் விசில், கையில் நோட்டு, முகத்தில் சிரிப்பு என்பது பெயருக்கும் இல்லை. முதலிலேயே ஒரு விதியைச் சொன்னார். "கூட வந்தவங்க கயித்துக்கு வெளிய இருக்கணும். ஆட்டக்காரிக்கு யாராவது யோசனை சொன்னா, அந்த ஆட்டக்காரி வீட்டுக்குப் போகலாம்." சொல்லும்போது என்னையே பார்த்த மாதிரி இருந்தது. என் வாய் என் முகத்திலேயே தெரியும் போலிருக்கிறது.

காலையில் நடந்த சோதனைகளில் பல்லி கொடி நாட்டினாள். மற்ற பெண்கள் பந்தைக் குத்தினார்கள், தட்டிவிட்டார்கள். இவள் எல்லாவற்றையும் பிடித்தாள். முகத்துக்கு வந்தது, முழங்காலுக்கு வந்தது, மூலைக்குப் போனது எல்லாம் கையோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு செங்கல் எடைக்குப் பழகிய கைக்குப் பந்தெல்லாம் எம்மாத்திரம்? பதினொன்று ஆறாகி, ஆறு மூன்றாகி, பன்னிரண்டு மணிக்கு இரண்டே பேர் நின்றார்கள். பல்லியும் பெட்டிக்காரியும்.

"கடைசியா ஒரு ஆட்டம். இருபது நிமிஷம், இருபது நிமிஷம். ஆடவந்தவங்களை ரெண்டு அணியா பிரிக்கிறேன், நீங்க ஆளுக்கொரு பக்கம். அதுல முடிவு" என்றார் பயிற்சியாளர்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்பது நிமிடம் தள்ளி என் தங்கையின் வாழ்க்கை நின்றுகொண்டிருந்தது.

ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிடம். எதிரணியின் முன்வரிசைக்காரி இருபதடியிலிருந்து விட்டாள் ஒரு உதை. பல்லி பறந்தாள். உண்மையாகவே இரண்டு காலும் தரையில் இல்லை. பிடித்தாள், உருண்டாள், எழுந்தாள். நான் "ஓ!" என்று ஆரம்பித்தேன். அந்த "ஓ" முடிவதற்குள் அவள் உடம்பைத் திருப்பிப் பந்தை இடப்பக்கம் வீசிவிட்டாள்.

அங்கே ஆணி அண்ணன் இல்லை. எதிரணிக்காரி ஒருத்தி பூட்ஸ் கயிற்றைக் கட்டிவிட்டு நிமிர்ந்துகொண்டிருந்தாள். பந்து அவள் காலடியில் வந்து நின்றது. அவளுக்கே நம்ப முடியவில்லை. தட்டினாள். கோல்.

மைதானமே சிரித்தது. எனக்கு மட்டும் பளிச்சென்று விளங்கியது. ஐயோ, கல்! இவள் கல் பிடிக்கிறாள்! ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களில் இது ஒருநாளும் தப்பாகத் தெரிந்ததில்லை. அங்கே இடப்பக்கம் ஆடுவது ஆணி அண்ணனின் மனைவி. புருஷன் மாதிரியே அவரும் முன்கூட்டியே போய் நின்று "இருக்கேன்!" என்பார். கால்பந்து என்றாலே அப்படித்தான் ஆடுவார்கள் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த பந்தையும் பிடித்தாள். மறுபடியும் கை இடப்பக்கம் போனது. பந்து கோட்டைத் தாண்டி, கயிற்றைத் தாண்டி, யாரோ ஒருவரின் சாப்பாட்டு டப்பாவைக் கவிழ்த்தது. பயிற்சியாளர் நோட்டில் ஏதோ எழுதினார். நல்லதாக இருக்க வழியில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. பல்லி யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். பந்து வரும்போதே 'வீசக் கூடாது, வீசக் கூடாது' என்று அவள் உதடு அசைவது எனக்குத் தெரிந்தது. யோசிக்கிற கை பிடிக்காது. சாதாரணமாக உருண்டு வந்த பந்து. எதிர்வீட்டுக் குழந்தைகூடப் பிடித்திருக்கும். பல்லியின் கை விறைத்து நின்று அதை எதிர்த்தது. பந்து நழுவி, கால்களுக்கு நடுவே புகுந்து உள்ளே போனது.

ஐந்து வருடத்தில் ஒன்றைக்கூட விடாதவள். தரையில் உட்கார்ந்து கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

இரண்டுக்குப் பூஜ்யம். இடைவேளை.

கயிற்றுக்கு வெளியே ஒரு குழாய் இருந்தது. பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்த் திறந்தேன். புஸ் என்று காற்றுதான் வந்தது. நான் அங்கேயே நின்றேன். ஏனென்றால், பல்லியின் அணியில் இடப்பக்கம் ஆடுகிற சுருட்டைமுடிப் பெண் கயிற்றுக்கு அந்தப்பக்கம், எனக்கு இரண்டடி தூரத்தில் குனிந்து காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் பேசினால் அவளையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் நான் குழாயிடம் பேசினேன்.

"குழாயே, இந்தக் கொடுமையைக் கேளு" என்றேன். "என் தங்கச்சி கட்டிட வேலையில கல்லு பிடிக்கிறவ. பிடிச்ச கையோட, பார்க்காமலே இடப்பக்கம் வீசுவா. அதை மாத்த முடியாது. மாத்தப் போனா பிடிக்கவே மறந்துடுவா. அங்க ஒரு ஆள் நின்னு 'இருக்கேன்'னு கத்தினா போதும். நூலு பிடிச்ச மாதிரி வரும்."

சுருட்டைமுடி நிமிரவில்லை. மற்ற காலின் உறையை இழுத்தாள். கெட்டிக்காரி, அவளும் குழாயிடமே பேசினாள்.

"குழாயே, எவ்வளவு தூரம் வரும்?"

"கல்லு பத்தடிதான் போகும். பந்து கல்லு இல்லையே! நடுக்கோடு வரைக்கும் வரும்."

"எப்ப ஓடணும்?"

"எதிராளி உதைக்கிறப்பவே."

"அவ பிடிக்கறதுக்கு முன்னாடியேவா? பிடிக்கலைன்னா?"

அந்தக் கணத்தில் குழாயை மறந்து அவள் முகத்தையே பார்த்துவிட்டேன். "பிடிப்பா" என்றேன்.

அவள் எழுந்து ஓடிப்போனாள். திரும்பிப் பார்த்தால், மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து பயிற்சியாளர் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வராத தண்ணீரைப் பாட்டிலில் பிடிக்க ஆரம்பித்தேன்.

இரண்டாம் பாதி. எதிரணிக்காரிகளுக்குக் குளிர் விட்டுப்போயிருந்தது. இந்தக் கீப்பர் ஓட்டைக் கை என்று நினைத்து எங்கிருந்து வேண்டுமானாலும் உதைத்தார்கள். முதல் உதைக்குக் கால் பின்னால் போனதுமே சுருட்டைமுடி கோட்டோரமாகப் பிடித்தாள் ஓட்டம். தொண்டை கிழியக் கத்தினாள்:

"இருக்கேன்!"

பல்லியின் தலை நிமிர்ந்ததை நான் பார்த்தேன். உதடு அசைவது நின்றது. கை முன்னால் போய், பந்தோடு சேர்ந்து பின்னால் வந்து வாங்கியது. இடுப்பு திரும்பியது. பந்து போயே போய்விட்டது! நடுக்கோட்டுக்குப் பக்கத்தில், ஓடுகிறவளின் முன்னால் ஒரு தப்படி தள்ளி விழுந்தது. அவளுக்கும் பெட்டிக்காரிக்கும் நடுவில் ஈ காக்கை கிடையாது. பெட்டிக்காரி முன்னால் வந்தாள், இவள் பக்கவாட்டில் தட்டினாள். கோல்!

நான் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அப்பாவின் சட்டை பட்டன் மட்டும் என் கையில் இருந்தது.

ஆறு நிமிடம் கழித்து மறுபடியும். உதை, ஓட்டம், "இருக்கேன்!", வீச்சு, கோல். இரண்டுக்கு இரண்டு. இந்தத் தடவை பல்லி பந்தை வீசிவிட்டு, கோல் விழுந்ததா என்றுகூடப் பார்க்கவில்லை. அடுத்த கல்லுக்குத் தயாராக முன்னாலேயே பார்த்துக்கொண்டு நின்றாள். சத்தம் கேட்ட பிறகுதான் சிரித்தாள்.

எதிரணிக்காரிகள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை. சுருட்டைமுடிக்கு இரண்டு பேரைக் காவல் போட்டார்கள். அவள் மூச்சு விட்டால் அவர்களும் விட்டார்கள். பல்லிக்கு இடப்பக்கம் விட்டால் வேறு பக்கம் தெரியாதே!

கடைசி நிமிடம். மூலையிலிருந்து உயரமாக ஒரு பந்து வந்தது. ஏழெட்டுப் பேர் ஒரே குவியலாக எம்பினார்கள். அந்தக் குவியலுக்கு மேலே இரண்டு கைகள் தெரிந்தன. இரவல் கையுறை. பிடித்துவிட்டாள். இடுப்பு இடப்பக்கம் திரும்பத் தொடங்கியது. அங்கே காவல்காரிகள் இரண்டு பேரும் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார்கள்.

"இருக்கேன்!"

குரல் வலப்பக்கத்திலிருந்து வந்தது. சுருட்டைமுடி அணி முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள். வலப்பக்க ஆட்டக்காரி, அதுவரை பந்தை அதிகம் தொடாத ஒரு குட்டையான பெண், தன்னந்தனியாக ஓடிக்கொண்டிருந்தாள்.

பல்லி பாதித் திருப்பத்தில் நின்றாள். அரை நொடிதான். எனக்கு அது ஒரு லாரிக் கல் ஏற்றுகிற நேரம். ஐந்து வருடமாக ஒரே பக்கம் திரும்பிய இடுப்பு மறுபக்கம் சுழன்றது. குரல் வந்த திசைக்குப் பந்து போனது. பார்க்காமலேதான் வீசினாள். அந்தக் குட்டைப் பெண் வாங்கினாள், ஓடினாள், உதைத்தாள். நல்ல உதை. பெட்டிக்காரி விரல் நுனியால் அதைக் கோல் கம்பத்துக்கு மேலே தட்டிவிட்டாள். அப்படி ஒரு தடுப்பை நான் பார்த்ததே இல்லை. பாழாய்ப்போன என் கை அவளுக்கும் தட்டியது.

விசில். இரண்டுக்கு இரண்டு.

எல்லோரையும் உட்காரவைத்துவிட்டுப் பயிற்சியாளர் நேராக என்னிடம் வந்தார்.

"இடைவேளையில யார்கிட்ட பேசினீங்க?" என்றார்.

"குழாய்கிட்ட மேடம்."

"தண்ணி பிடிச்சீங்களா?"

"பிடிச்சேன் மேடம்."

"அந்தக் குழாய்ல தண்ணி வந்து ஒரு மாசம் ஆச்சு."

செத்தோம் என்று நினைத்தேன். என் வாயால் என் தங்கை கெட்டாள். "மேடம், என்னை என்ன வேணா சொல்லுங்க, அவளை விட்டுடுங்க. நான் அவகிட்ட ஒரு வார்த்தை பேசல. பேசாம இருக்கறது எனக்கு எவ்வளவு கஷ்டம்னு அவளைக் கேட்டுப் பாருங்க" என்று படபடத்தேன்.

அவர் நோட்டைப் புரட்டினார். "யோசனை சொல்லக் கூடாதுன்னுதான் விதி. குழாய்கிட்ட வீட்டுக் கஷ்டத்தைப் புலம்பக் கூடாதுன்னு நான் சொல்லலையே" என்றார். "முதல் பாதி முடிஞ்சப்ப இவ பேரை அடிச்சுட்டேன். பந்தைத் தடுக்கிற ஆளு எனக்கு ஊருக்கு ஊர் கிடைக்கும். பிடிச்ச மூச்சுல எதிர்ப்பக்கம் கோல் போட வைக்கிற ஆளை இப்பத்தான் பார்க்கிறேன். ஆனா அதுக்காகவும் எடுக்கல. கடைசிப் பந்துல வலப்பக்கம் திரும்பினா பாருங்க, அதுக்காக எடுத்தேன்."

"எடுத்தேன்னா... எடுத்தாச்சா?"

"திங்கக்கிழமை காலையில ஏழு மணிக்கு வரச் சொல்லுங்க. அந்தச் சுருட்டைமுடிப் பொண்ணும் வர்றா."

நான் கயிற்றைத் தாண்டி ஓடினேன். விதி போய்த் தொலையட்டும். பல்லி என்னைப் பார்த்ததும் எழுந்து, "என்னக்கா, என்னக்கா?" என்றாள். எனக்கு வார்த்தை வரவில்லை. பிறந்ததிலிருந்து எனக்கு வார்த்தை வராமல் போனது அந்த ஒரு தடவைதான். அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு பேரும் அந்தப் புல்லில் விழுந்து உருண்டோம். வலிக்கவே இல்லை. அன்று சாப்பாட்டுக்கு நேராக வீட்டுக்குப் போனோம்.

திங்கட்கிழமை இரண்டு லாரிக் கல்லும் சொன்னபடி வந்து இறங்கிவிட்டது. காலையில் பல்லியை பஸ் ஏற்றிவிட்டுத்தான் வேலைக்கு வந்திருந்தேன். கையசைத்தது நான்தான். அவள் வரமாட்டாள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் ஏழரை மணிக்குக் குனிந்து முதல் ஜோடிக் கல்லை எடுத்தேன், எப்போதும்போல மேலே வீசினேன். மேலே ஆணி அண்ணனும் எப்போதும்போல இடப்பக்கம் நின்று கையை நீட்டிக்கொண்டு, "இருக்கேன்!" என்றார்.

விளிம்பில் யாரும் இல்லை. இரண்டு கல்லும் சாரத்தில் மோதி, கீழே மணல் குவியலுக்குப் பக்கத்தில் விழுந்து நாலாக உடைந்தன. ஆணி அண்ணன் நீட்டிய கையை மடக்காமல் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

மேஸ்திரி கத்திக்கொண்டே ஓடி வந்தார். "என்னம்மா இது! அஞ்சு வருஷமா ஒரு கல்லு உடையல! பிடிக்கிற ஆளு எங்க?"

"இனிமே வரமாட்டா!" என்று நான் கத்திய கத்தில் எதிர்வீட்டுக் குழந்தை ஜன்னலுக்கு ஓடி வந்து, "இருக்கேன்!" என்றது.